எல்.ஏ-2ஏ: பெட்டி வேண்டுமா, பிளக்இன் போதுமா?

சாலிகிராமத்தில் நான் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் எல்.ஏ-2ஏ கம்ப்ரசர் (ஓங்கும் சத்தத்தை அடக்கி ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கருவி) பெட்டியாகவும் இருக்கிறது, யுனிவர்சல் ஆடியோவின் பிளக்இன்னாகவும், அதாவது அதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்யும் சாஃப்ட்வேராகவும் இருக்கிறது. மிக்ஸிங்குக்கு நான் பெட்டியைத் தொடுவதே இல்லை. பாட்டு ரெக்கார்ட் பண்ணும்போது மட்டும் பெட்டிதான்.

1960களில் வந்த வால்வு கருவி இது. திருகுவதற்கு ரெண்டே குமிழ். உள்ளே டி4 என்று ஒரு சின்ன டப்பா. குரல் ஓங்கினால் அதற்குள் ஒரு தகடு ஒளிரும். அந்த வெளிச்சம் போட்டோசெல்லில் பட்டதும் சத்தம் அடங்கும். அடங்கியது பாதி மீள்வதற்கு சுமார் 60 மில்லிசெகண்ட், மீதி சில நொடிகளில் மெல்ல வரும். கர்நாடக சங்கீதக் குரலுக்கு இந்த நிதானம்தான் அழகு. மேல் ஷட்ஜத்தில் கார்வை கொடுத்துவிட்டு இறங்கும்போது கமகம் குலையாது. 1176 போன்ற வேகமான கம்ப்ரசரை இறுக்கிப் போட்டால் ஒவ்வொரு அசைவையும் அது துரத்தும்.

ஒரு எச்சரிக்கை. ஹெட்போனிலிருந்து சுருதி மைக்கில் கசிந்தால், பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியிலெல்லாம் தம்புரா எழும்பி வரும். பெட்டி, பிளக்இன் எதுவானாலும் இதே கதைதான். காதை முழுசாக மூடும் ஹெட்போன் கொடுங்கள்.

எவ்வளவு சத்தம் அடங்குகிறது என்று காட்டும் மீட்டர் 3 டெசிபல் அளவுக்கு அசைந்தால், கண்ணை மூடிக் கேட்கும்போது எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. பிளக்இன்னில் குரல், குழல், வீணை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போடலாம். பெட்டி ஒரே சேனல். ராத்திரி பதினோரு மணிக்கு "அண்ணா, சரணத்துல வாய்ஸ் கொஞ்சம் முன்னாடி வரட்டும்" என்று போன் வந்தாலும் பிளக்இன்னில் பழைய செட்டிங் அப்படியே இருக்கும்.

அப்புறம் ஏன் பெட்டி? கம்ப்யூட்டர் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துத்தான் (பஃபர்) கையாளும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால், ஒலி உள்ளே வர மட்டுமே 2.7 மில்லிசெகண்ட்; திரும்பிப் போக இன்னும் கூடும். தன் குரலே தள்ளிக் கேட்டால் பாடுகிறவர் தடுமாறுவார். பெட்டி என்றால் கம்ப்யூட்டருக்குள் போகாமலே ஹெட்போனுக்கு அனுப்பிவிடலாம். கீழ் ஸ்தாயியும் தெளிவாகக் கேட்பதால் யாரும் தொண்டையை அழுத்துவதில்லை. மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலேயே டிஎஸ்பி (பிளக்இன்னைத் தானே ஓட்டும் சிப்) வைத்திருப்பவர்களுக்குப் பெட்டியும் அவசியமில்லை.

சென்னை வெயிலில் வால்வு பெட்டிக்கு ஏசி, ஸ்டெபிலைசர், வால்வு மாற்றும் செலவு எல்லாம் உண்டு. வீட்டில் ஸ்டுடியோ போடுகிறவர்கள் அந்தப் பணத்தில் முதலில் சுவருக்கு எதிரொலியை உறிஞ்சும் ராக்வுல் பேனல் அடியுங்கள். பிளக்இன் வாங்குவதற்கு முன் டெமோ போட்டு, ஆன் பண்ணினாலும் ஆஃப் பண்ணினாலும் சத்தம் ஒரே அளவில் இருக்கும்படி கெயினைச் சரிசெய்து கேளுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகத் தோன்றும்.