டால்ஸா, பிராட்ஸா?

கிளாம் பங்க், அதாவது ஆண்கள் பளபள ஒப்பனையோடு வாசிக்கும் முரட்டு ராக் இசை என்றதும் எல்லோரும் நியூயார்க் டால்ஸ் குழுவைத்தான் சொல்வார்கள். லண்டனின் ஹாலிவுட் பிராட்ஸ் குழுவின் பெயர் பலருக்குத் தெரியாது. இரண்டிலும் அதே உதட்டுச்சாயம், அதே முரட்டு ராக்.

டால்ஸின் முதல் ஆல்பம் 1973-லேயே மெர்குரி இசை நிறுவனம் வழியாக வந்துவிட்டது. பிராட்ஸும் அதே ஆண்டில் பதிவு செய்தார்கள். ஆனால் அது 1975-இல் நார்வேயில்தான் வெளிவந்தது. பிரிட்டனுக்கு வர 1980 ஆனது. அதற்குள் பங்க் அலையே ஓய்ந்துவிட்டது!

டால்ஸில் ஜானி தண்டர்ஸின் கிட்டார் முன்னே பாயும். பிராட்ஸில் கசினோ ஸ்டீலின் பியானோவும் சேர்ந்து இடிக்கும். கிறிஸ்டல்ஸ் என்ற பெண்கள் குழுவின் 'தென் ஹி கிஸ்டு மீ' (பிறகு அவன் என்னை முத்தமிட்டான்) பாடலை பிராட்ஸின் பாடகர் ஆண்ட்ரூ மாத்தேசன் 'அவன்' என்பதை மாற்றாமலே பாடுகிறார். அந்தத் திமிர் போதும், என் ஓட்டு பிராட்ஸுக்கே. சரி, கவர்ச்சியான மெட்டுதான் வேண்டுமென்றால் டால்ஸிடம் போங்கள்.