“எல்எஸ்டி போட்டா சத்தம் வரத்தான் செய்யும்” என்று சொன்னால் நம்பாதீர்கள்

டிஃப்ரன்ஷியலை (இன்ஜின் இழுவையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுத்து, வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் கியர் தொகுதி) மாற்றி எல்எஸ்டி, அதாவது ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுற்றிவிடாமல் தடுக்கும் லிமிடெட் ஸ்லிப் வகை, போடப் போகிறவர்கள் வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். பட்டறையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள், எப்படி மறைத்தார்கள் என்பது தெரிந்தால் போதும், வேறு எங்கே நடந்தாலும் உங்களுக்குப் பிடிபட்டுவிடும்.

என் வண்டி இ90 மாடல் பிஎம்டபிள்யூ 335ஐ, மேனுவல். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 306 குதிரைசக்தி. 400 நியூட்டன் மீட்டர் டார்க் முழுவதும் பின்சக்கரங்களுக்குத்தான் போகிறது. ஆனால் கம்பெனியிலிருந்து வருவது சாதாரண ஓப்பன் டிஃப்ரன்ஷியல். அதே உடலில் வந்த வேகரக மாடலான எம்3க்கு மட்டும்தான் பூட்டும் வகை கொடுத்தார்கள். இரண்டாவது கியரில் வளைவிலிருந்து வெளியே வரும்போது ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், பாரம் குறைந்த உள்பக்கச் சக்கரம் தனியாகச் சுற்றும். உடனே எலக்ட்ரானிக்ஸ் குறுக்கே வந்து அந்தச் சக்கரத்தின் பிரேக்கைப் பிடிக்கும், இன்ஜின் சக்தியையும் குறைக்கும். எத்தனையோ மாதம் யோசித்து, உள்ளே தட்டுகள் அழுந்தி இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் கிளட்ச் தட்டு வகை எல்எஸ்டி போடுவது என்று முடிவு செய்தேன்.

பொருளை நானே தேர்ந்தெடுத்து வாங்கிக் கொடுத்தேன். அதில் எந்தக் குறையும் இல்லை. குறை முழுக்கப் பொருத்திய விதத்தில்.

இந்த வேலையில் ஒரு சிக்கல் உண்டு, முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். டிஃப்ரன்ஷியலைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன் வீல், இன்ஜின் பக்கமிருந்து வந்து அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன். பழைய மாடல்களில் கிரவுன் வீலை டிஃப்ரன்ஷியலின் உள்கூட்டோடு போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். கழற்றிப் புதுக் கூட்டில் மாட்டிவிடலாம். என் வண்டியில் அது வெல்டிங். வெல்டிங்கை லேத்தில் கடைந்து எடுத்து, கிரவுனில் துளையிட்டு, போல்ட் போடுகிற மாதிரி செய்ய வேண்டும். இல்லையென்றால் போல்ட் வகைக் கிரவுனும் பினியனும் சேர்ந்த புது ஜோடி வாங்க வேண்டும். இரண்டில் எது என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். “கடைஞ்சு தர்றோம் சார், நம்மகிட்ட லேத் இருக்கு, எத்தனையோ வண்டிக்குப் பண்ணியாச்சு” என்றார். அதற்கான கூலியையும் பில்லில் தனியாகப் போட்டார்.

நான்கு நாளில் வண்டி வந்தது. முதல் நாள் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தேன். அதே வளைவு, அதே இரண்டாவது கியர். இரண்டு சக்கரமும் சேர்ந்து தள்ள, வண்டி ஒரே கோட்டில் பாய்ந்து வெளியே வந்தது. அந்த உணர்வுக்காகத்தானே இத்தனை அலைச்சல்.

மூன்றாம் நாள் ஊளை ஆரம்பித்தது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில், கால் லேசாக அழுத்தியிருக்கும்போது, பின்சீட்டுக்கு அடியிலிருந்து மெல்லிய உய்ங் சத்தம். காலை எடுத்தால் அடங்கும். மறுபடி மிதித்தால் அதே சுருதியில் திரும்ப வரும். வேகம் கூடக் கூடச் சுருதியும் ஏறும்.

போன் செய்தேன். அப்போதுதான் தலைப்பில் இருக்கிற வசனம் வந்தது. “எல்எஸ்டி போட்டா சத்தம் வரத்தான் செய்யும் சார். ஓட ஓட சரியாயிடும்.”

நான் ஏமாந்த இடம் இதுதான். அவர் சொன்னதில் பாதி உண்மை. கிளட்ச் தட்டு வகையில் சத்தம் வரும். ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாகத் திருப்பும்போது, உதாரணமாகப் பார்க்கிங்கில், உள்ளே தட்டுகள் பிடித்துப் பிடித்து விடுவதால் கடகடவென்று ஒரு அதிர்வு வரும். ஆயிலில் ஃப்ரிக்‌ஷன் மாடிஃபயர் (உரசலை மென்மையாக்கும் சேர்மானம்) சேர்த்தால் குறையும், தட்டுகள் பழகியதும் இன்னும் குறையும். ஆனால் நேர்ச்சாலையில் நேராகப் போகும்போது இரண்டு பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுகின்றன, தட்டுகள் ஒன்றோடொன்று உரசவே இல்லை. அங்கே வருகிற ஊளை தட்டுகளுடையதாக இருக்க முடியாது. அது கிரவுனும் பினியனும் சரியாகக் கடிக்காத சத்தம். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, “எல்எஸ்டி சத்தம்” என்று ஒரே பெயர் வைத்துவிட்டார். நானும் கேட்டுக்கொண்டேன்.

வீல் பேரிங்காக இருக்குமோ என்ற சந்தேகமும் நடுவில் வந்தது. அதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பேரிங் போனால் சத்தம் காலை மிதிப்பதற்கும் எடுப்பதற்கும் மாறாது. ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக லேசாக அசைத்துப் பாரம் மாற்றினால்தான் மாறும். என்னுடையது நேர் எதிர்.

ஆயிரம் கிலோமீட்டரில் டிஃப்ரன்ஷியல் ஆயில் மாற்ற வேண்டும். புதுத் தட்டுகள் தேய்ந்து பழகும்போது வரும் உலோகத்தூளை வெளியேற்றத்தான் இது. அதற்காக மறுபடி அங்கேயே விட்டேன். விடுவதற்கு முந்தின நாள் வண்டிக்கு அடியில் படுத்து, ஆயில் ஊற்றும் துளையை மூடும் ஃபில் பிளக்கின் தலையிலிருந்து டிஃப்ரன்ஷியலின் வெளிக்கூட்டின் மேல் வரை வெள்ளை பெயின்ட் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டேன். ஏன் போட்டேன் என்று இப்போதும் தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை, மனசு சரியில்லை, அவ்வளவுதான். வண்டி திரும்பி வந்தது, பில்லில் 75டபிள்யூ-140 சிந்தெடிக் ஆயிலும் மாற்றுக் கூலியும் இருந்தன. வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. பிளக்கிலும் வெளிக்கூட்டிலுமாக, ஒரு மயிரிழை கூட விலகாமல், மேலே படிந்த தூசியோடு.

அதற்கப்புறம் அவர்களிடம் பேசிப் பயனில்லை என்று, கியர்பாக்ஸ் வேலை மட்டுமே செய்கிற ஒரு பெரியவரிடம் கொண்டுபோனேன். வண்டியைத் தூக்கி, ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, “இது தட்டு இல்ல தம்பி, கிரவுன்” என்றார். இறக்கிப் பின்மூடியைக் கழற்றும்போது வந்த ஆயிலில் வெள்ளிப்பொடி கலந்த மாதிரி மினுமினுப்பு. கருகிய கந்தக வாடை.

அவர் முதலில் டயல் கேஜை (மிகச் சின்ன அசைவையும் அளக்கும் முள் கருவி) வைத்து பேக்லாஷ் பார்த்தார். பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டினால் எவ்வளவு தளர்வு என்பதுதான் பேக்லாஷ். இந்த அளவு கார்களுக்குப் பெரும்பாலும் 0.1 மில்லிமீட்டரை ஒட்டி, 0.2க்குள் இருக்கும். என் வண்டியில் ஓரிடத்தில் 0.19, கிரவுனை அரைச்சுற்று திருப்பினால் 0.41. கிரவுன் நேராகவே உட்காரவில்லை.

அப்புறம் நான்கைந்து பல்லில் மஞ்சள் பசையைத் தடவிச் சுற்றினார். பினியன் பல் உரசுகிற இடத்தில் பசை விலகி ஒரு தடம் விழும். அது பல்லின் நடுவில், நீள்வட்டமாக விழ வேண்டும். எனக்கு விழுந்தது பல்லின் வெளி ஓரத்தில், விளிம்போடு ஒட்டி, நகக்கண் அகலத்துக்கு ஒரு கீற்று. மொத்த இழுவையையும் அந்தக் கீற்றுதான் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

பெரியவர் துணியால் பல்லைத் துடைத்து, கிரவுனின் பக்கவாட்டைத் திருப்பிக் காட்டினார். கிரவுனும் பினியனும் தயாரிக்கும்போதே ஒன்றோடொன்று ஓட்டித் தேய்த்துப் பொருத்தப்படுகிற ஜோடி. அந்த ஜோடியின் எண்ணை இரண்டிலும் பொறித்திருப்பார்கள். என் கிரவுனில் ஓர் எண், பினியனில் வேறொரு எண். வெல்டிங் தடமே அந்தக் கிரவுனில் இல்லை. லேத்தில் எதையும் கடையவில்லை. வேறு ஏதோ வண்டியின் பழைய போல்ட் வகைக் கிரவுனை எடுத்து, என் பினியனோடு சேர்த்து, ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) அளவுகூடப் பார்க்காமல் மூடிவிட்டிருக்கிறார்கள். கிரவுன் உட்காரும் முகத்தில் போல்ட் தளராமலிருக்கப் போடும் லாக்டைட் பசை, பழையது, திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. அதைச் சுரண்டக்கூட இல்லை, 0.41 வந்ததற்கு அதுதான் காரணம் என்றார் பெரியவர். என்னுடைய ஒரிஜினல் கிரவுன் எங்கே போனது என்று இன்றுவரை தெரியாது.

இதில் சத்தம் சின்ன விஷயம். இந்தப் பற்கள் உருள்வதோடு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்யும், அதனால்தான் இதற்கென்று தனி ஆயில் தேவைப்படுகிறது. ஓரத்தில் மட்டும் பாரம் விழுந்தால் ஆயில் படலம் கிழிந்து சூடேறி ஒருநாள் பல் உடையும். உடைந்த துண்டு நடுவில் சிக்கினால் பின்சக்கரங்கள் ஓட்டத்திலேயே இறுகிவிடும். என் குடும்பத்தை உட்கார வைத்து அந்த வண்டியில் மூவாயிரம் கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இந்தப் பதிவை எழுத வைத்தது அதுதான்.

போட்டோக்களோடு பட்டறைக்குப் போனேன். முதலில் “நாங்க போட்டது இது இல்ல” என்றார். எண்களையும் ஆயில் பில்லையும் கோடு போட்ட பிளக்கின் படத்தையும் மேஜையில் வைத்த பிறகு குரல் இறங்கியது. கூலியைத் திருப்பிக் கொடுத்தார். பாழான பினியனுக்கும் காணாமல் போன கிரவுனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை.

நீங்கள் இந்த வேலைக்கு இறங்கினால், மூடியைப் போடுவதற்கு முன்னால் மஞ்சள் பசைத் தடத்தையும் டயல் கேஜ் அளவையும் போட்டோ எடுத்துத் தரச் சொல்லுங்கள். கிரவுனைக் குறைந்தது மூன்று நான்கு இடங்களில் வைத்து அளக்க வேண்டும், ஓரிடம் போதாது. இதை ஒழுங்காகச் செய்கிறவர்களுக்கு இது கூடுதல் வேலையே இல்லை, எப்படியும் அவர்கள் பார்க்கிற விஷயம்தான். கேட்டதும் முகம் சுளித்தால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டைத் திறந்ததுமே ஜோடி எண்களையும் படம் பிடித்துத் தரச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நான் கேட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

முழு டிஃப்ரன்ஷியலாகவே பழையது வாங்கி மாட்டுகிறவர்கள் ரேஷியோவைப் (கிரவுன் ஒரு சுற்று வர பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு) பாருங்கள். என் மேனுவல் வண்டிக்கு 3.08, இதே 335ஐ ஆட்டோமேட்டிக்குக்கு 3.46. இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். உள்ளே எல்எஸ்டி இருக்கிறதா, தட்டுகளில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க, இரண்டு பின்சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மற்றது அதே திசையில் சுற்றினால் தட்டுகள் பிடிக்கின்றன. எதிர்த்திசையில் சுற்றினால் ஓப்பன், அல்லது தேய்ந்துபோன எல்எஸ்டி. ஆனால் தட்டுகளுக்குப் பதில் சாய்ந்த பல் கியர்களால் பிடிக்கும் ஹெலிகல் கியர் வகை எல்எஸ்டி நன்றாக இருந்தாலும் எதிர்த்திசையில் சுற்றலாம், அதற்கு இந்தச் சோதனை பொருந்தாது.

பெரியவர் புது ஜோடி வரவழைத்து, பினியனுக்குப் புது கிரஷ் ஸ்லீவ் (பேரிங் இறுக்கத்தைச் சரியாக வைக்க, முடுக்கும்போது நசுங்கும் குழல்), புது பேரிங்குகள், புது போல்ட்டுகள் போட்டுக் கட்டித் தந்தார். ஷிம்மை மட்டும் ஐந்து முறை மாற்றினார். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிட்டுத் தடத்தைக் காட்டினார். ஐந்தாவது முறை மஞ்சள் பல்லின் நடுவில் ஒழுங்காக விலகியிருந்தது. நான்கு இடத்திலும் 0.13, 0.14. இப்போது ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஆகிவிட்டது. எண்பதில் டயர் சத்தம் மட்டும்தான் கேட்கிறது. பார்க்கிங்கில் முழு ஒடிப்பில் அந்தக் கடகட இருக்கிறது, இருக்க வேண்டியதுதான்.