பிஐஎஸ் கேர் செயலி: தங்கத்துக்கு முழுத் துணை, குக்கருக்குப் பாதித் துணை

இந்தியத் தர நிர்ணய அமைவனம் (பிஐஎஸ்) 2020-இல் வெளியிட்ட இலவசச் செயலி இது. பொருளில் பொறித்திருக்கும் எண்ணைத் தட்டினால், அது யாருடைய பேரில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும். பொருளைச் சோதித்துச் சொல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பயன்படுத்தினால் ஏமாற்றம்தான்.

தங்கத்துக்கு நன்றாக வேலை செய்கிறது. 22 காரட் நகையில் பிஐஎஸ் முத்திரை, 22கே916 (ஆயிரத்தில் 916 பங்கு தூய தங்கம்), எழுத்தும் எண்ணும் கலந்த ஆறிலக்க எச்யுஐடி (அந்த நகைக்கே உரிய அடையாள எண்) மூன்றும் இருக்க வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம். 2 கிராமுக்குக் குறைவான மூக்குத்தி, பொடித் தோடுகளுக்கு விலக்கு உண்டு. ஆறையும் தட்டினால் நகையின் வகை, தூய்மை, கடையின் பதிவு எண், முத்திரையிட்ட மையம் எல்லாம் வரும். 916 என்று கண்டதும் மூடிவிடாதீர்கள். கையில் வளையல், திரையில் மோதிரம் என்றால் அந்த எண் வேறொரு நகையுடையது. ஒன்றுமே வரவில்லையா? லேசர் எழுத்து மிகப் பொடி. 8-ம் ‘பி’யும், 5-ம் ‘எஸ்’ஸும் கண்ணைக் குழப்பும். 10 மடங்கு லென்ஸ் கடையில் இருக்க வேண்டும் என்பது விதி, கேட்டு வாங்கிப் பாருங்கள். எச்யுஐடி வருமுன் ஹால்மார்க் இட்ட நகைகளை இதில் தேட முடியாது. அதனால் அவை போலி ஆகிவிடா.

ஐஎஸ்ஐ பொருள்களில்தான் சிக்கல். குக்கருக்கு ஐஎஸ் 2347, ஹெல்மெட்டுக்கு ஐஎஸ் 4151 என்று தர எண் முத்திரையின் மேலே இருக்கும். கீழே சிஎம்/எல் எண், அதாவது தயாரிப்பாளரின் உரிம எண். போலி அடிப்பவர் வேறொருவரின் நடப்பு உரிம எண்ணையே திருடி அடித்தால், செயலியும் ‘உரிமம் நடப்பில்’ என்றே சொல்லும். பிராண்டு, பொருள், ஆலை முகவரி மூன்றையும் பெட்டியோடு ஒப்பிட்டால்தான் குட்டு வெளிப்படும். உரிமம் ஆலைவாரியாகத் தரப்படுவது. ஒரே பிராண்டுக்கு இரண்டு எண் இருந்தால் பதற வேண்டாம்.

செல்போன் சார்ஜரில் ஐஎஸ்ஐ தேடுவது வீண். அதற்கு ‘ஆர்-’ என்று தொடங்கும் எட்டிலக்கப் பதிவெண். செயலியில் தனிப் பகுதி.

புகார் பகுதியும் உண்டு. 8 கிராம் 916 நகை சோதனையில் 875 என்று வந்தால் தூய தங்கத்தில் குறைவு 0.328 கிராம். அதன் மதிப்பைப்போல் இருமடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கேட்கலாம். அதற்குத் தூய்மை, நிகர எடை, ஹால்மார்க் கட்டணம் தனித்தனியாக எழுதிய பில் வேண்டும். ‘எஸ்டிமேட்’ சீட்டு போதாது.