14 ஆண்டுச் சந்தாவும் அந்தப் பெட்டிச் செய்தியும்

சென்ற வாரம் என் அக்காள் மகன் தொலைபேசியில் அழைத்து, "ஏனுங்க மாமா, நீங்க வாங்குற விவசாயப் பத்திரிகைக்கு நானும் சந்தா கட்டிரட்டுங்களா? பரண் போட்டு ஆடு வளர்க்கலாம்னு இருக்கறனுங்க" என்று கேட்டான். பரண் என்பது ஆடுகள் நிற்பதற்குத் தரைக்கு மேல் உயர்த்திக் கட்டும் தளம். 14 ஆண்டுகளாக ஓர் இதழ் விடாமல் அந்தப் பத்திரிகையை வாங்கி, அட்டைப் பெட்டிகளில் ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கும் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதை நிதானமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தாராபுரத்துக்குத் தெற்கே, மழையை நம்பிய பூமி. கிளுவை வேலி கட்டிய கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் மேய்கின்றன. ஆண்டுதோறும் முதல் நல்ல மழைக்குப் பிறகு, பட்டியிலேயே கொழுகொழுவென்றிருக்கும் குட்டிகளாகப் பார்த்து இரவில் துள்ளி விழுந்து, விடிவதற்குள் இறந்து கிடக்கும். நோஞ்சான் குட்டிகளுக்கு ஒன்றும் ஆகாது என்பதால், அது கண்ணேறு என்றே என் தகப்பனார் சாகும் வரை நம்பினார். நான் சந்தா கட்டிய இரண்டாம் ஆண்டில், கேள்வி–பதில் பகுதியில் கால்நடை மருத்துவர் ஒருவர் அதைத் துள்ளுமாரி என்று பெயர் சொல்லி விளக்கியிருந்தார். மழைக்குத் துளிர்த்த இளம்புல்லை வயிறு முட்ட மேயும்போது, குடலில் ஏற்கெனவே இருக்கும் கிருமி மளமளவென்று பெருகி நஞ்சை உண்டாக்குகிறது. அதிகம் மேய்கிற ஆரோக்கியமான குட்டியே முதலில் சாகிறது. மழைக்கு முன்பே தடுப்பூசி போடுங்கள், காலையில் காய்ந்த சோளத்தட்டைக் கொடுத்த பிறகு மேய்ச்சலுக்கு ஓட்டுங்கள் என்று எழுதியிருந்தார். அன்று முதல் புரட்டாசியிலேயே ஊசி போட்டுவிடுகிறோம். அரைப் பக்கத்துக்கும் குறைவான அந்தப் பதில், இத்தனை ஆண்டுச் சந்தாப் பணத்தையும் ஒரே மழைக்காலத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டது.

என் ஆத்திரமெல்லாம் அதே இதழில் கட்டுரை முடிகிற இடத்தில் வரும் வரவு–செலவுப் பெட்டியின் மேல்தான். 20 பெட்டை ஆடுகள், இரண்டு ஆண்டுக்கு மூன்று ஈற்று, ஈற்றுக்கு இரண்டு குட்டி, ஆகவே ஆண்டுக்கு 60 குட்டிகள் என்று அதில் கணக்கு ஓடும். 2016-இல் அப்படியொரு பெட்டியைப் பார்த்துத்தான் நானும் தலைச்சேரி இன வெள்ளாட்டுக் கலப்பில் 20 பெட்டையும் ஒரு கிடாவும் வாங்கிப் பரண் அமைத்தேன். அடுத்த ஆண்டு பிறந்தவை 41 குட்டிகள். அவற்றில் ஒன்பது, ஐப்பசி அடைமழையில் சளியிலும் கழிச்சலிலும் போயின. 2018-இல் அந்த இதழின் நிருபர் எங்கள் கொட்டகைக்கு வந்தபோது இவ்வளவையும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டிச் சொன்னேன். இறந்த குட்டிகளை நான் சிவப்பு மையில் எழுதுவது வழக்கம். அந்தப் பக்கத்தையும் அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். அச்சில் வந்த பெட்டியில் 60 குட்டிகள் இருந்தன, சிவப்பு மை இல்லை.

தீவனச் செலவு என்ற வரியில் நடுவதற்கு வாங்கும் புல் கரணையின் விலை மட்டும் இருந்தது. வளர்ந்த ஆடு ஒன்றுக்கு நாளொன்றுக்கு நான்கைந்து கிலோ பசுந்தீவனம் வேண்டும் என்றால், 21 ஆடுகளுக்கு ஏறக்குறைய 100 கிலோ. அந்தப் புல்லையும் வேலிமசாலையும் அகத்தியையும் தினமும் அறுத்து, சுமந்து, நறுக்கிப் போட்டவர் என் மனைவி. கூலிக்கு ஆள் வைத்தால் நாள் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டிய அந்த வேலைக்குப் பெட்டியில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் சிரிக்கும் படம் மட்டும் முழுப் பக்கத்தில் வந்தது. அதைப் பார்த்துவிட்டு, "நான் செத்த குட்டியைப் பத்தியும் சொன்னேனுங்களே" என்றார் அவர். இன்றுவரை எனக்கு ஆறாதது அந்த ஒரு சொல்தான்.

கட்டுரையின் அடியில் என் தொலைபேசி எண்ணும் இருந்ததால், மாதக்கணக்கில் அழைப்புகள் வந்தன. கேட்ட ஒவ்வொருவரிடமும் 41-லிருந்து ஒன்பதைக் கழித்துச் சொன்னேன். அழைக்காமலே ஆடு வாங்கியவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? தென்மாவட்டத்து இளைஞர் ஒருவர் நகையை அடகு வைத்துப் பரண் போட்டு, ஆட்டுக்கொல்லி நோயில் பாதிக்கு மேல் இழந்த பிறகுதான் என்னை அழைத்தார். "அண்ணா, உங்க படத்தைப் பார்த்துத்தான் வாங்கினேன்" என்று அவர் சொன்னபோது நான் என்ன பதில் சொல்ல முடியும்?

அந்த நிருபரை நான் குறை சொல்ல மாட்டேன். காலை முதல் மாலை வரை எங்களோடு இருந்தார், தீவனக் கட்டைத் தானே தூக்கிப் பார்த்தார், புழுக்கை அள்ளும்போது முகம் சுளிக்கவில்லை. மற்ற ஊடகங்களோடு ஒப்பிட்டால் இந்த இதழ் எவ்வளவோ மேல் என்பதையும் மறைக்கக் கூடாது. 2022 நவம்பரில் ஆவின் பசும்பால் கொள்முதல் விலை லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாயானது. அன்று நான் பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளோ ஆரஞ்சுப் பால் பாக்கெட் 48 ரூபாயிலிருந்து 60 ஆனதைப் பற்றியே பேசின, கறக்கிறவனிடம் ஒலிவாங்கியை நீட்டவில்லை. இந்த இதழாவது எங்கள் பட்டி வரை வந்து கேட்கிறது. கேட்டதை ஏன் முழுவதும் எழுதக் கூடாது என்பதே என் வழக்கு. 2012-இல் ஈமுப் பண்ணைகள் பெருந்துறையில் கவிழ்ந்தபோது, விளம்பரத்தில் வந்த வருமானக் கணக்கை வேதவாக்காக நம்பிப் பணம் போட்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருந்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த பகுதியில், செலவைச் சுருக்கி வரவைப் பெருக்கி எழுதுவதை என்னால் சிறு பிழையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. இதையெல்லாம் விளக்கி இரண்டு கடிதங்கள் எழுதினேன், இரண்டும் வெளிவரவில்லை.

மாப்பிள்ளை, துள்ளுமாரிக்கு வழி சொன்ன பத்திரிகையை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வலிக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் நீ சந்தா கட்ட வேண்டாம். இந்த ஆண்டு நானும் கட்டவில்லை. கேள்வி–பதில் பக்கங்களை மட்டும் தனியே பிரித்துத் தைத்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொள். வரும்போது ஐப்பசியில் வந்து பத்து நாள் தங்கு. விடியற்காலையில் உன் அத்தையோடு போய் அந்த 100 கிலோ தீவனத்தை அறுத்துச் சுமந்து வந்து போடு. பரண் போடுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.