சாரத்திலிருந்து விழுந்த பிறகு: பேசி முடிப்பதா, டி.சி.எல். ஆபீஸா, சிவில் வழக்கா?

என் மாமா சென்ட்ரிங் வேலை பார்ப்பவர். அடுக்குமாடி சைட் ஒன்றில் சாரம் சரிந்து, வலது தோள்பட்டை போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கொரு யோசனை. கான்ட்ராக்டரோடு பேசி ஒரு தொகையை வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். தொழிலாளர் துணை ஆணையரிடம் (எல்லோரும் டி.சி.எல். ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள்) மனு போடுங்கள் என்றார்கள். சிவில் கோர்ட்டில் கேஸ் போட்டால் லட்சக்கணக்கில் வரும் என்றும் ஒருவர் சொன்னார். நாங்கள் டி.சி.எல். ஆபீஸுக்குப் போனோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், ஏனென்றால் இருந்தால் தேர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. இ.எஸ்.ஐ. அமலில் உள்ள பகுதிகளில் கட்டுமான சைட் தொழிலாளர்களையும் 2015 ஆகஸ்ட் முதல் அதில் சேர்க்க வேண்டும்; மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். காப்பீடு பெற்றவர் வேலையில் அடிபட்டால் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் (டி.சி.எல். ஆபீஸில் மனு போடுவது இந்தச் சட்டப்படிதான்) முதலாளியிடம் கேட்க முடியாது, இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு அந்தக் கதவை மூடிவிடுகிறது. அதற்காக வருத்தப்படவும் தேவையில்லை. சிகிச்சை கிடைக்கும், குணமாகும்வரை ஏறக்குறைய 90% கூலி வரும், நிரந்தர ஊனம் என்றால் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விழுந்தாலும் உண்டு. ஆனால் மேஸ்திரி கூட்டிப்போகும் தினக்கூலி ஆட்களில் எத்தனை பேரிடம் இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறது? மாமாவிடம் இல்லை.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதிவு அட்டை இருந்தால் உதவித்தொகைக்கு மனு போடுங்கள். அது வாரியம் தரும் பணம். முதலாளியின் பொறுப்பு அதனால் குறையாது.

இனி உண்மையான போட்டி. பேசி முடிப்பதில் ஒரே லாபம், பணம் உடனே கைக்கு வரும். படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. எங்களிடமும் வந்தார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் முன்கூட்டியே டைப் அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள்: 'மனிதாபிமான அடிப்படையில்' ஒரு தொகை, அதற்குக் கீழே 'இனிமேல் எந்த விதமான உரிமையும் கோர மாட்டேன்' என்று ஒரு வரி. தொகைக்கான இடம் மட்டும் காலி. "அண்ணே, நீங்க சொல்ற நம்பரை எழுதிக்கலாம்" என்றார் மேஸ்திரி. மாமா கையெழுத்துப் போடவில்லை. போட்டிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இன் 17ஆம் பிரிவுப்படி, உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவாக இருந்தாலும் அது வெற்றுக் காகிதம். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்களும் மனு போடலாம்.

டி.சி.எல். வழியில் யார் தவறு என்ற விசாரணை கிடையாது. வேலை நேரத்தில், வேலையால் விபத்து நடந்தது என்று காட்டினால் போதும். கயிறு கட்டாமல் ஏறினாயே, ஹெல்மெட் போடவில்லையே என்பதெல்லாம் பெரும்பாலும் எடுபடாது. குடிபோதை, வேண்டுமென்றே விதியை மீறியது என்று முதலாளி தரப்பு வாதாடலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதத்துக்கும் இடமில்லை. இதெல்லாம் எந்த வக்கீலும் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொரு கேள்வி: கடைசியில் காசு யார் பையிலிருந்து வரும்? மாமாவுக்குக் கூலி கொடுத்தவர் மேஸ்திரி. மேஸ்திரிக்கு மேலே சப் கான்ட்ராக்டர், அவருக்கும் மேலே பில்டர். மேஸ்திரி மேல் எவ்வளவு பெரிய தீர்ப்பு வாங்கினாலும் அவரிடம் இருப்பது ஒரு பைக்கும் கொஞ்சம் பலகையும்தான். சட்டத்தின் 12ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. ஒருவர் தன் தொழிலின் பகுதியான வேலையைக் கான்ட்ராக்டரிடம் விட்டு, தன் கட்டுப்பாட்டில் உள்ள இடத்தில் அங்கு வேலை செய்தவர் அடிபட்டால், நேரடியாக அவரிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்த பணத்தைக் கான்ட்ராக்டரிடம் வசூலிப்பது அவர் பாடு. அடுக்குமாடி கட்டி விற்பதுதான் பில்டரின் தொழில். எனவே மனுவில் மேஸ்திரி, சப் கான்ட்ராக்டர், பில்டர், பாலிசி இருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி என எல்லோரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தோம். மேஸ்திரியோடு மட்டும் பேசி முடித்திருந்தால் பில்டர் பெயரே வெளியே வந்திருக்காது.

பணம் வந்து சேருவதற்கான மற்ற பிடிகளும் இந்தச் சட்டத்தில்தான் இருக்கின்றன. தரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் 12% தனிவட்டி. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லை என்றால் அசலில் 50% வரை அபராதமும் விதிக்கலாம். முதலாளி ஹைகோர்ட்டுக்கு அப்பீல் போக வேண்டுமானால் தீர்ப்புத் தொகையை முதலில் டெபாசிட் செய்தாக வேண்டும். கட்டாமல் இழுத்தால் நிலவரி பாக்கி போல வசூலிக்கலாம். மூன்று மாதத்தில் வழக்கை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பில் அப்படி இல்லை. வாய்தாவுக்கு மேல் வாய்தா, வருடக் கணக்கில் இழுக்கும். அந்த இழுப்புக்கு வட்டி ஓடுகிறது என்பதால்தான் பொறுத்துப்போக முடிந்தது.

தொகை எப்படி வரும்? நிரந்தர முழு ஊனத்துக்கு மாதக் கூலியில் 60%, அதை வயதுக்கான காரணியால் (சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்) பெருக்க வேண்டும். 40 வயதுக்குக் காரணி 184.17. கூலி எவ்வளவாக இருந்தாலும் கணக்கில் எடுப்பது மாதம் 15,000 ரூபாய் வரைதான் (2020 ஜனவரி 3 முதல், அதற்கு முன் 8,000). ஆக 9,000 × 184.17 = 16,57,530. சம்பாதிக்கும் திறனில் 30% இழப்பு என்றால் 4,97,259 ரூபாய். இதே ஆளுக்கு மாதம் 15,000 கூலியில் இ.எஸ்.ஐ. இருந்திருந்தால் மாதம் சுமார் 4,050 ரூபாய் ஆயுளுக்கும் வரும். பத்து வருடம் தாண்டினால் இ.எஸ்.ஐ.தான் லாபம். சிகிச்சைச் செலவு முழுவதையும் பில் காட்டித் தனியாகக் கேட்கலாம். பில்லைத் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த சதவீதத்தில்தான் சண்டையே நடக்கும். டாக்டர் தருவது உடல் ஊனத்தின் சதவீதம். இழப்பீடு சம்பாதிக்கும் திறன் இழப்புக்கு. இரண்டும் ஒன்றல்ல. ஒரு தச்சர் விழுந்து இடது கையை இழந்த வழக்கில், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே கருத வேண்டும் என்று 1975இல் சுப்ரீம் கோர்ட் ஏற்றது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று சொன்னாலே வக்கீல்களுக்குத் தெரியும். கை தோளுக்கு மேலே எழும்பாவிட்டால் கணக்கெழுதுபவர் சமாளிப்பார். தலைக்கு மேல் பலகை தூக்கி முட்டுக் கொடுக்கும் ஆள் என்ன செய்வார்? இதை டாக்டர் சாட்சியத்தில் கேட்டுப் பதிவு செய்ய வைப்பதுதான் வக்கீலின் வேலையில் முக்கால்வாசி.

ஆதாரம் விஷயத்தில் ஒன்று. ஆஸ்பத்திரியில் போடும் விபத்துப் பதிவேடு, அதாவது ஏ.ஆர். காப்பி, அதில் எழுதும் ஒரு வரியில்தான் வழக்கு நிற்கிறது. கூட வந்த சைட் ஆள் 'மாடிப்படியில் தவறி விழுந்தார்' என்று சொல்லப் பார்த்தார். மாமாவே குறுக்கிட்டு, சைட்டில் சாரம் சரிந்தது என்று எழுதச் சொன்னார். மஸ்டர் ரோலில் (சைட்டின் வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லாதவருக்கு வாரக் கூலி எழுதிய நோட்டு, ஜிபே வரவு, கூட வேலை பார்த்தவர் சாட்சி எல்லாம் உதவும். விபத்து நடந்து இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிப்பார்கள். சொந்த ஊர் வேறு என்றால் அங்கே வசிக்கும் இடத்து ஆணையரிடமே போடலாம், வெளிமாநிலத்துத் தம்பிகளுக்கு இது பெரிய வசதி.

சிவில் வழக்கில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை, வக்கீல் சொன்னதை வைத்துச் சொல்கிறேன். 15,000 உச்சவரம்பு அங்கே இல்லை. வலி, வேதனைக்கும் கேட்கலாம். பதிலுக்கு முதலாளியின் அலட்சியத்தை நீங்கள் நிரூபிக்க வேண்டும், கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். இரண்டு குதிரையில் ஏறவும் முடியாது: சிவிலில் போட்டால் இழப்பீட்டுச் சட்டம் போய்விடும், இதில் போட்டால் சிவில் போய்விடும். நல்ல சம்பளம் வாங்கிய சைட் இன்ஜினீயருக்கு அந்தக் கணக்கு ஒத்துவரலாம். கூலி ஆளுக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை. லாரி, மிக்ஸர் வண்டி மோதி அடிபட்டிருந்தால் மட்டும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தைக் கட்டாயம் யோசியுங்கள். அங்கேயும் உச்சவரம்பு இல்லை. தீர்ப்பாயமா, டி.சி.எல். ஆபீஸா, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

நான் சொன்ன பிரிவு எண்கள் பழைய சட்டங்களினுடையவை. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்து, 1923 சட்டமும் இ.எஸ்.ஐ. சட்டமும் அதற்குள் போய்விட்டன. கூலியில் 60%, வயதுக் காரணி என்ற கணக்கு முறை அங்கும் அதேதான். வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நடக்கும் விபத்தையும் அது சேர்த்துக்கொள்கிறது. எந்தத் தேதியில் விபத்து என்பதை வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

பேசி முடிப்பதையே நான் சிபாரிசு செய்யும் இடமும் ஒன்று இருக்கிறது. சொந்த வீடு கட்டும் ஒருவர் மேஸ்திரியிடம் வேலையை விட்டு, அங்கே ஆள் அடிபட்டால் 12ஆம் பிரிவு வீட்டுக்காரரைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் வீடு கட்டுவது அவர் தொழில் இல்லை. அங்கே மேஸ்திரிதான் முதலாளி, அவரிடம் ஒன்றும் இருக்காது. வீட்டுக்காரர் மனமுவந்து ஒரு நியாயமான தொகை தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளலாம், பாங்க் மூலமாக. மேஸ்திரி தருவதாக ஒப்புக்கொள்ளும் இழப்பீட்டை ஆணையரிடம் ஒப்பந்தமாகப் பதிவு செய்துகொள்ளுங்கள்.