ரீஃப் டேங்க்கில் படரும் சாஃப்ட் கோரல்: உரிப்பதா, சுண்ணாம்பா, மருந்தா?

ரீஃப் டேங்க், அதாவது கோரல் (பவளம்) வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி, ஆரம்பிக்கும்போது எல்லோரும் வாங்கும் கோரல்கள் ஒரே ஜாதி, கல் போன்ற கூடு இல்லாத சாஃப்ட் கோரல்: ஜீனியா, ஜிஎஸ்பி எனப்படும் கிரீன் ஸ்டார் பாலிப், கென்யா ட்ரீ, மஷ்ரூம். விலை குறைவு, நைட்ரேட் கொஞ்சம் ஏறினாலும் சாகாது. இரண்டு வருடம் கழித்து, ஆசைப்பட்டு வாங்கிய அக்ரோபோரா என்ற கல் பவளத்தின் அடிப்பாகத்தை மூடி நிற்பதும் இவைதான். கட்டுப்படுத்த நாலைந்து வழிகள் உண்டு. ஆனால் எந்தக் கோரல் எப்படிப் பரவுகிறது என்று பார்க்காமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் உழைப்பு வீண்.

முதல் வழி, தனிப் பாறை. கோரல் ஒட்டிய கல்லை மற்ற பாறைகளிலிருந்து விலக்கி, நடு மணலில் வைப்பது. ஜிஎஸ்பிக்கு இதை விடச் சிறந்தது இல்லை. அது ஊதா நிறப் பாயாகத் தரையோடு தரையாகப் படரும். மணல் இடைவெளியைப் பெரும்பாலும் தாண்டாது. பின்பக்கக் கண்ணாடியில் ஒட்டிவிட்டாலும் அழகாக இருக்கும், பாறையைத் தொடாதபடி பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் கென்யா ட்ரீயிடம் இந்த வித்தை பலிக்காது. அது குட்டிக் கிளைகளை உதிர்க்கும். அவை தண்ணீர் ஓட்டத்தில் போய் எங்கோ ஒரு பொந்தில் வேர் பிடித்துவிடும். ஜீனியாவும் சில நேரம் அப்படிக் கழன்று போகும்.

இரண்டாவது, கையால் எடுப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஒரு நிபந்தனையோடு: கல்லை வெளியே எடுத்துச் செய்ய வேண்டும். ஜிஎஸ்பி கண்ணாடியிலிருந்து பிளேடு வைத்தால் ஒரே தோலாக உரிந்து வரும். லைவ் ராக்கில், அதாவது டேங்க்கில் அடுக்கும் துளைகள் நிறைந்த பாறையில், அப்படி வராது. துளைக்குள் ஊதாத் துணுக்கு மிஞ்சும், அது மறுபடி முளைக்கும். மஷ்ரூமை அறுத்தால் ஒன்று மூன்றாகும், எனவே அது பிடித்திருக்கும் கல்லோடு சில்லாகப் பெயர்த்தெடுப்பதே சரி. ஜீனியாவுக்கு இன்னும் சுலபமான தந்திரம் உண்டு: பக்கத்தில் உடைந்த கல் துண்டுகளைப் போட்டு வைத்தால் அதுவாகவே மெல்ல ஏறிக்கொள்ளும். ஏறியதும் கல்லோடு எடுத்துவிடலாம். தண்ணீரை விட்டு வெளியே வந்ததும் அடிக்கும் நாற்றத்துக்கு மட்டும் தயாராக இருங்கள்.

பெரிய கல்லை அசைக்க முடியாது, டேங்க்குக்குள்தான் வெட்டியாக வேண்டும் என்றால் பவர்ஹெட்டை (தண்ணீரை ஓட்டும் பம்ப்பை) நிறுத்திவிட்டு, ஒரு கையில் கத்தரி, மறு கையில் சைஃபன் குழாய். வெட்டியது பறக்கும் முன் உறிஞ்சிவிட வேண்டும். அப்புறம் ஃபில்டரில் புதிய ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள். காயம்பட்ட சாஃப்ட் கோரல் விடும் ரசாயனம் மற்ற கோரல்களைச் சுருங்க வைக்கும்.

மூன்றாவது, கால்க்வாசர் பசை. அதாவது சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடைச் சிரிஞ்சில் போகும் பதத்துக்குக் குழைத்து, பம்ப்பை நிறுத்தி, பாலிப் (கோரலின் ஒவ்வொரு தனி உயிர்) மேல் வைப்பது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பும் அடிப்படையில் அதே பொருள்தான், ஆனால் கடைச் சுண்ணாம்பில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது, வேண்டாம். தனித்தனியாக முளைத்த மஷ்ரூமுக்கும் குட்டி கென்யா ட்ரீக்கும் இது நன்றாக வேலை செய்யும். பாறை முழுக்கப் படர்ந்த ஜிஎஸ்பிக்கு ஆகாது: அவ்வளவு பசை வைத்தால் பிஎச் எகிறும், சிறிய டேங்க்கில் மீனே போய்விடும். ஒரு நாளைக்குச் சில பாலிப் மட்டும், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு.

நான்காவது, ஃபென்பெண்டசோல். நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மருந்து. ஜீனியா, ஜிஎஸ்பி, க்ளோவ் பாலிப் போன்ற, ஒவ்வொரு பாலிப்புக்கும் எட்டுக் கை உள்ள கோரல்களை இது கொல்லும், கை எட்டாத இடுக்கிலும் கொல்லும். கவர்ச்சியான வழிதான். ஆனால் மணலில் இருக்கும் பிரிஸில் புழுக்களும் குழாய்ப் புழுக்களும் சேர்ந்தே சாகும், அவை அழுகி அம்மோனியா ஏறும். மருந்து பாறையில் தங்கிவிடுவதால் அதன் பிறகு பல மாதம் நத்தை விட்டால் பிழைக்காது என்பது பலருடைய அனுபவம். மற்ற எல்லாம் தோற்ற பிறகு, அதுவும் விலை உயர்ந்த உயிர்களை வேறு டேங்க்குக்கு மாற்றிவிட்டுத்தான் இதைத் தொடுவேன்.

கொத்தாகப் படரும் பாலித்தோவா என்ற பாலிப் மட்டும் தனிக்கணக்கு. அதில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். அந்தக் கல்லைச் சுரண்டவோ, பிரஷ் போடவோ, வெந்நீர் ஊற்றவோ, கொதிக்க வைக்கவோ கூடாது. ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கல்லை அப்படியே ஈரத்தோடு பையில் கட்டி அப்புறப்படுத்துவதுதான் ஒரே வழி.

எடுத்ததைக் கடலில் விடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெனிசுலாவின் மோச்சிமா தேசியப் பூங்காவில் ஜீனியா குடும்பத்தைச் சேர்ந்த உனோமியா, அலங்கார மீன் வியாபாரம் வழியாக வந்து, அங்குள்ள பவளங்களையும் கடற்புல்லையும் மூடிக் கிடக்கிறது. நம் மன்னார் வளைகுடாக் குருசடைத் தீவிலும் வளர்ப்புக்குக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் கடற்பாசி பவளத்தின் மேல் படர்ந்தது. நல்ல துண்டுகளை ஃப்ராக்காக (வளர்ப்பதற்கான வெட்டுத் துண்டாக) நண்பர்களுக்குக் கொடுங்கள், மிச்சத்தை நல்ல தண்ணீரில் போட்டுச் சாகவிட்டுக் குப்பையில் சேருங்கள்.

எந்த வழியில் எடுத்தாலும் அடுத்த சில வாரம் அந்த இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். ஊதாப் புள்ளி ஒன்று தெரிந்தால் அன்றைக்கே சூப்பர் க்ளூ ஜெல் வைத்து ஓரம் விடாமல் மூடிவிடுங்கள்.