மலைநாட்டு ஈரத்தில் விலை கூடிய ரிவோல்வர்: கூடுதல் காசு எங்கே போகிறது?

ரூகர் ஜீ.பீ. 100, ஸ்மித் அன்ட் வெசன் 686, கோல்ட் பைதன். மூன்றும் .357 மெக்னம் என்ற தோட்டாவைச் சுடும் ரிவோல்வர்கள். நாலு அங்குலச் சொச்சக் குழலோடு மூன்றும் 1.1 முதல் 1.2 கிலோ வரை நிறுக்கும். வழமையான அமைப்பில் மூன்றிலும் ஆறு தோட்டா. ஆனால் பைதன் 2020இல் மறுபடி சந்தைக்கு வந்தபோது அமெரிக்காவில் அதன் அறிவிப்பு விலை 1,499 டொலர். மற்ற இரண்டும் அப்போது ஆயிரத்துக்குள். ஜெர்மனியின் கோர்த் நிறுவன ரிவோல்வர் பக்கம் போனால் பைதனின் விலையே சின்னதாகத் தெரியும். இந்த இடைவெளியில் எவ்வளவு உழைப்புக்கு, எவ்வளவு பளபளப்புக்கு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் இருப்பவர்கள் பனியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விலைக்கு முன்னால் அனுமதிப்பத்திரம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். கைத்துப்பாக்கி, ரிவோல்வர் விடயங்கள் பாதுகாப்பு அமைச்சின் கையில். பத்திரத்தில் எந்த ரகம், எந்த அளவு என்று எழுதியிருக்கிறதோ அதற்குள்தான் தெரிவு.

'அளவு' என்ற இந்தச் சொல்லில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய துரைமார் காலத்து வெப்லி மார்க் 4 ரிவோல்வர் ஒன்று கைமாறி வந்திருந்தால் அதிலும் '.38' என்றுதான் இருக்கும். அது .38 ஸ்மித் அன்ட் வெசன் தோட்டாவுக்கானது. சன்னத்தின் (தோட்டாவில் இருந்து பறந்து போகும் தலையின்) விட்டம் 9.17 மி.மீ., தோட்டாவும் கட்டை. இன்று பரவலாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷலின் சன்னம் 9.07 மி.மீ., தோட்டாவும் நீளம். இரண்டும் ஒன்றுக்கொன்று சரிவராது. சிலிண்டரின் துளையை நீளமாக்கி ஸ்பெஷலைப் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நடுவில் மடியும் அந்தப் பழைய சட்டகம் அந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. மாறாக, .357 ரிவோல்வரில் .38 ஸ்பெஷலைத் தாராளமாகச் சுடலாம். ஸ்பெஷலின் கோது, அதாவது பித்தளை உறை, மெக்னத்தைவிட 3 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல் குட்டை என்பதால், சிலிண்டரில் தோட்டா நிற்கும் அறைக்குள் அது முடியும் இடத்தில் கரி வளையமாகப் படியும். அதை வெண்கலப் பிரஷால் எடுக்காவிட்டால் பிறகு மெக்னம் தோட்டா முழுதாக உள்ளே இறங்காது.

கூடுதல் விலை வாங்கித் தருவது

முதலாவது, ட்ரிகர். டபுள் ஆக்ஷன் என்பது ஒரே இழுப்பில் சிலிண்டரைச் சுழற்றி, ஹேமரை (தோட்டாவை அடிக்கும் சுத்தியலை) தூக்கி விழுத்துவது. தொழிற்சாலையில் இருந்து வரும் ரூகரிலும் 686இலும் இதற்கு 4.5 முதல் 5.5 கிலோ அளவில் இழுக்க வேண்டியிருக்கும். நல்ல பைதனில் அது 4 கிலோ பக்கம். எடையைவிட இழுப்பின் தன்மைதான் முக்கியம். 1955 முதல் 2005 வரை வந்த பழைய பைதனில் தொடக்கம் வெண்ணெய் போல இருந்தாலும் கடைசியில் பாரம் ஏறும். 2020க்குப் பிந்தியதில் உள்ளமைப்பை மாற்றி, உறுப்புகளைக் குறைத்து, அந்த ஏற்றத்தைப் பெரும்பாலும் போக்கியிருக்கிறார்கள். ஒரே சீராக வரும் அந்த இழுப்பு கையில் தெரியும், இலக்கிலும் தெரியும். அதற்குக் கொடுக்கும் காசை வீண் என்று சொல்ல முடியாது.

ஆனால் அதே மென்மையை ரூகரில் கொண்டுவர ஸ்பிரிங்கை மாற்றிப் போடுவது இங்கே ஆபத்து. ஸ்பிரிங் தளர்ந்தால் ஹேமரின் அடி குறையும், கடினமான பிரைமர் (தோட்டாவின் அடியில் உள்ள பற்றவைக்கும் பொட்டு) பற்றாது. தோட்டா வகையைப் பொறுக்கி எடுக்க முடியாத நாட்டில், கிடைக்கிற எந்தப் பிரைமரையும் பற்றவைக்கும் பலமான அடிதான் வேண்டும். ஸ்பிரிங்கை விட்டுவிட்டு, உரசும் பக்கங்களை மட்டும் தெரிந்தவர் கையால் மெருகேற்றினால் போதும்.

இரண்டாவது, பொருத்தம். விலை கூடியதில் ஆறு அறைகளும் குழலோடு நேர்கோட்டில் நிற்கும் என்ற நம்பிக்கை அதிகம். பிரான்சின் ஜென்டார்ம் சிறப்புப் படை பாவித்த மனுரின் எம்.ஆர். 73 ரிவோல்வர் பெயர் வாங்கியது இதற்கும், மெக்னத்தை ஆயிரக்கணக்கில் தாங்கும் உழைப்புக்கும். ஆண்டுக்குச் சில டசின் தோட்டாக்கூடச் சுடாத ஒருவருக்கு அந்த உழைப்பு பெட்டிக்குள்ளேயே தூங்கும்.

மூன்றாவது, மேல்மெருகு. பழைய பைதனின் ஆழ்ந்த நீலப் பளபளப்பைப் போல இன்னொன்று இல்லை. மலைநாட்டில் வாங்கக்கூடாததும் அதுதான்.

பனி செய்யும் வேலை

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை ஈரம். ஊவாப் பக்கம் மார்கழி, தை மாதங்களில். அலுமாரிச் சட்டையிலேயே பூஞ்சணம் பிடிக்கும்போது நீலமேற்றிய இரும்பு தப்பாது. நீலம் என்பது பூச்சு அல்ல, கட்டுப்படுத்தப்பட்ட துருவின் மெல்லிய தோல். எண்ணெய் காய்ந்தால் அது ஈரத்தை மறிக்காது. வெளியே குளிரில் இருந்த ரிவோல்வரை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால் அதன் மேல் வியர்வை போல் நீர் கோக்கும். அதை உடனே பெட்டியில் பூட்டினால் நீரையும் சேர்த்தே பூட்டுகிறீர்கள்.

தோல் உறைக்குள் வைத்தே பூட்டுவது அதைவிட மோசம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். இரண்டே வாரத்தில் சிலிண்டரின் மேட்டுப் பகுதிகளில் பழுப்புப் புள்ளி விழும். உறையை வேறாகத் தொங்கவிடுங்கள். பெட்டிக்குள் ஸ்பொஞ்சுக்குப் பதிலாகச் சிலிக்கா ஜெல் போட்டு, மாதம் ஒருமுறை அதைச் சூடாக்கி உலர்த்துங்கள்.

துருப்பிடிக்காத உருக்கு என்றாலும் பராமரிப்பு வேண்டும். வெளிச்சட்டகம் தாங்கும், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகளும் சில ஊசிகளும் தாங்காது. அதனால்தான் எளிதில் திறந்து உள்ளே துடைக்கக்கூடியது எது என்பது இங்கே விலையளவு முக்கியம்.

ரூகரில் பக்கத் தகடே இல்லை. பிடியைக் கழற்றி, அதற்குள்ளேயே வைத்திருக்கும் சிறு ஊசியால் ஸ்பிரிங்கைக் கட்டி, ஹேமரைக் கழற்றிவிட்டால், ட்ரிகர் தொகுதி முழுதாகக் கீழே இறங்கி வரும். துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய், திரும்பப் பூட்டு. 686இல் பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும். திருகின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஸ்குரூட்ரைவர் இல்லாமல் தொடவே வேண்டாம். தகட்டை நெம்பாமல், சட்டகத்தை மரப்பிடியால் மெல்லத் தட்டினால் அது தானாக எழும்பும். நெம்பினால் விளிம்பு வளையும், பிறகு ஒருபோதும் சரியாகப் படியாது. பழைய பைதனைத் திறப்பது வீட்டு வேலையே அல்ல. உறுப்புகள் கையால் அராவிப் பொருத்தியவை, ஒன்றை மாற்றினால் மற்றதையும் சரிசெய்ய வேண்டும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

சிலிண்டரைத் திறந்து ஆறு அறையும் வெறுமை என்று கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மோட்டார் உதிரிப்பாகக் கடையில் டாப்பட் பார்க்க விற்கும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) ஒன்று போதும்.

சிலிண்டருக்கும் குழலின் பின்முனைக்கும் இடையிலான இடைவெளியை அளந்து பாருங்கள். 0.10 முதல் 0.20 மி.மீ. நல்லது. 0.25ஐத் தாண்டினால் பக்கவாட்டில் நெருப்பும் ஈயத் துகளும் தெறிக்கும். 0.08க்குக் குறைந்தால் கொஞ்சம் சுட்டதும் கரி அடைத்துச் சிலிண்டர் இறுகும். சிலிண்டரை முன்னே தள்ளி ஒருமுறை, பின்னே தள்ளி ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.10க்குக் கிட்ட வந்தால் அது ஆடித் தேய்ந்த துப்பாக்கி.

அடுத்தது நேர ஒழுங்கு. அறைகளில் சோக்கால் குறியிட்டு, சிலிண்டரில் விரலை லேசாக வைத்து எதிர்ப்புக் கொடுத்தபடி ஹேமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுங்கள். ஹேமர் முழுதாக ஏறி நிற்பதற்கு முன்பே சிலிண்டரைப் பூட்டும் கட்டை 'டக்' என்று பள்ளத்தில் விழ வேண்டும். ஆறில் ஓர் அறை பிந்தினாலும், சிலிண்டரைத் தள்ளும் நாக்கு தேய்ந்திருக்கிறது. பழைய பைதனின் பலவீனம் இங்கேதான். ட்ரிகரை அழுத்திப் பிடித்தால் அதன் சிலிண்டர் கற்பாறை போல நிற்கும். அந்த இறுக்கத்தைத் தருவது அந்த நாக்குத்தான், அதனால் ஒவ்வொரு சூட்டின் அடியும் அதன்மேலேயே விழுகிறது. ரூகரிலும் 686இலும் அந்த நேரத்தில் மயிரிழை ஆட்டம் இருக்கும். அதைக் குறை என்று எண்ணி விலை பேச வேண்டாம்.

கடைசியாக, ஹேமர் ஏறி நிற்கும்போது ட்ரிகரைத் தொடாமல் பெருவிரலால் ஹேமரை முன்னே தள்ளுங்கள். விழுந்தால் எந்த விலையிலும் வேண்டாம்.

இந்த நான்கிலும் தேறிய துருப்பிடிக்காத உருக்கு ஜீ.பீ. 100 அல்லது 686 மலைநாட்டுக்குப் போதும். திறக்கும் வசதியால் ரூகர் ஒரு படி மேலே. பாவித்த நீல 586க்கும் (686இன் நீலமேற்றிய சோடி) புதிய துருப்பிடிக்காத 686க்கும் இடையிலான கூடுதல் காசைத் தயங்காமல் கொடுங்கள். அதற்கு மேல் பைதனுக்கு என்று கொடுப்பது ட்ரிகருக்கான காசு; அடிக்கடி இலக்குப் பயிற்சிக்குப் போகிறவருக்கு அது நியாயம், அதுவும் 2020க்குப் பிந்தியது என்றால் மட்டும். கோர்த் வாங்கினால் உறுப்புக்கு ஜெர்மனியைப் பார்க்க வேண்டும், துப்பாக்கி உறுப்பை இறக்குவதற்கும் அனுமதி தேவை.

தோட்டாவையும் கவனியுங்கள். தோல் வாரில் செருகி வைத்த பித்தளைக் கோதில் சில மாதத்தில் பச்சைக் களிம்பு ஏறும். அந்தத் தோட்டா அறைக்குள் பாதியில் இறுகும், அல்லது சுட்ட பின் கோது வெளியே வராமல் நிற்கும். துடைத்துப் பாவிக்க முயலாமல் ஒதுக்கி வைத்து, மிச்சத்தை அதன் அட்டைப் பெட்டியிலேயே, மூடி இறுகும் டின்னுக்குள், துப்பாக்கியில் இருந்து வேறாகப் பூட்டி வையுங்கள்.